ஆழம் அறிந்தவரை முதலில் கேளுங்கள்: குருநகர்த் துறையும் எமது அரச கட்டுமானங்களும்

குருநகர்க் கடற்கரையில் நிற்கும் ஒரு படகோட்டியிடம் "இந்த இடத்தில் ஆழம் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிட மாட்டார். "எந்த மாதத்தில்?" என்று திருப்பிக் கேட்பார். சோளகக் காற்றுக் காலத்தில் ஒரு நிலை, வாடைக் காலத்தில் வேறொரு நிலை. எந்த இடத்தில் சேறு, எங்கே கல், எந்த வழியால் வந்தால் எஞ்சினின் விசிறி தரை தட்டாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். யாழ்ப்பாணக் கடல்நீரேரி ஆழம் குறைந்தது. அதில் தொழில் செய்பவருக்கு இந்த அறிவுதான் முதல்.

இப்போது அதே இடத்தில் ஓர் இறங்குதுறையோ, படகுகள் வந்து போகும் வாய்க்காலோ, அலைதடுப்பு அணையோ அமைக்கப் போவதாக வைத்துக்கொள்வோம். அலுவலகத்தில் வரைபடம் தயாராகும். மதிப்பீடு போடப்படும். கேள்விமனு கோரப்படும். குறைந்த விலை கேட்டவருக்கு வேலை போகும். அவர் இயந்திரத்தை இறக்கிய பிறகுதான் தெரியவரும், சேறு என்று வரைபடத்தில் காட்டிய இடத்தில் சுண்ணாம்புப் பாறை கிடக்கிறது என்று. அதன் பிறகு நடப்பது நாம் அனைவரும் அறிந்ததே. வேலை நிற்கும். கடிதங்கள் பறக்கும். மேலதிகப் பணம் கேட்கப்படும். திறப்பு விழாத் திகதி தள்ளிப் போகும். "கொந்தராத்துக்காரர் கொள்ளையடிக்கிறார்" என்று நாமும், "எஞ்சினியருக்கு எதுவும் தெரியாது" என்று அவரும் சொல்லிக்கொண்டிருப்போம்.

இந்த நிலைமைக்கு யாராவது ஒருவரின் ஊழல்தான் காரணம் என்று சொல்லிவிடுவது இலகு. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எவருமே ஒரு சதம் திருடாவிட்டாலும் இதே சிக்கல் வரும். காரணம், கட்டத் தெரிந்தவரை, எல்லாம் தீர்மானிக்கப்பட்ட பிறகுதான் நாம் கூப்பிடுகிறோம். இதற்கு மாற்றாக உலகின் பல நாடுகளில் பழக்கத்துக்கு வந்திருக்கும் ஒரு முறையைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. வடிவமைப்பு நடக்கும்போதே ஒப்பந்தக்காரரையும் மேசைக்கு அழைப்பதுதான் அந்த முறை.

வீடு கட்டியவர்களுக்குத் தெரிந்த விடயம்

இது பெரிய பொறியியல் இரகசியம் அல்ல. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்து சோனகத் தெருவிலும் அதைச் சூழவும் இடிந்த வீட்டை மீண்டும் எழுப்பிய பலருக்கு இது அனுபவமாகவே இருக்கும். படம் வரைபவர் ஒருவரிடம் போய் அழகான வரைபடம் எடுப்போம். மேசன் பாஸ் வந்து அதைப் பார்த்துவிட்டு, "இந்தத் தூணை இதில் வைத்தால் கதவு முழுதாகத் திறக்காதே", "இந்த அளவுக் கம்பி இப்போது கடையில் இல்லையே", "கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் தூரம் போதாதே" என்பார். அத்திவாரம் வெட்ட முன் இதைச் சொன்னால் ஓர் அழிறப்பரோடு முடிந்துவிடும். சுவர் எழும்பிய பிறகு சொன்னால் சுத்தியல் வேண்டும். கொங்கிறீட் போட்ட பிறகு என்றால் கடன் வேண்டும்.

எந்தக் கட்டுமானத்திலும் இதே கணக்குத்தான். தொடக்கத்தில் மாற்றம் செய்வது மலிவு, அப்போது அதற்கு இடமும் அதிகம். நாள் போகப் போக மாற்றத்துக்கான இடம் சுருங்குகிறது, அதன் விலை ஏறுகிறது. ஆனால் அரச கட்டுமானங்களில் கட்டுபவரின் வாயைத் திறக்க விடுவது, மாற்றம் மிகவும் செலவாகும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

இப்போதைய முறை எப்படி இயங்குகிறது

எமது நாட்டில் வழக்கமான பாதை இதுதான். அரச நிறுவனம் ஒன்று, அது வீதி அபிவிருத்தி அதிகார சபையாக இருக்கலாம், மாநகர சபையாக இருக்கலாம், இலங்கை மீன்பிடித் துறைமுகக் கூட்டுத்தாபனமாக இருக்கலாம், தனது பொறியியலாளர்களைக் கொண்டோ ஆலோசனை நிறுவனம் ஒன்றைக் கொண்டோ வடிவமைப்பைத் தயாரிக்கிறது. எத்தனை கன மீற்றர் மண், எத்தனை தொன் கம்பி என்று அளவைப் பட்டியல் எழுதப்படுகிறது. பின்னர் கேள்விமனு. நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தவர்களில் குறைந்த விலை கொடுத்தவருக்கு ஒப்பந்தம்.

இந்த முறைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. எல்லோரும் ஒரே பட்டியலுக்கு விலை போடுவதால் ஒப்பிடுவது சுலபம். யாருக்கும் விசேட சலுகை காட்டவில்லை என்று கணக்காய்வின்போது காட்டலாம். பாடசாலைக் கட்டடம், பழகிய கிராமிய வீதி போன்ற, எல்லோருக்கும் தெரிந்த வேலைகளுக்கு இது நன்றாகவே பொருந்தும்.

சிக்கல் தொடங்குவது நிலத்துக்கு அடியிலும் நீருக்கு அடியிலும் செய்யும் வேலைகளில்தான். வடிவமைத்தவர் சில இடங்களில் துளையிட்டுப் பார்த்து, இடைப்பட்ட நிலம் எப்படி இருக்கும் என்று ஊகிக்கிறார். விலை போடுபவருக்குச் சந்தேகம் இருந்தாலும் அதைச் சொல்வதால் அவருக்கு இலாபம் இல்லை. "இந்தப் பட்டியலில் பாறை குறைவாகக் காட்டப்பட்டிருக்கிறது" என்று வெளிப்படையாகச் சொல்லி விலையைக் கூட்டினால், சொல்லாமல் குறைத்துப் போட்டவர் வேலையை எடுத்துவிடுவார். ஆகவே தெரிந்தவரும் மௌனமாக இருக்கிறார். வேலையை எடுத்த பிறகு, மாற்றக் கட்டளைகள் மூலம் விட்டதைப் பிடிக்கிறார். உண்மையைச் சொல்பவர் தோற்கும்படி நாமே விதியை எழுதி வைத்துவிட்டு, பிறகு ஏன் யாரும் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்கிறோம்.

குருநகரில் கேட்க வேண்டிய கேள்விகள்

குருநகர் போன்ற ஒரு துறையை மேம்படுத்துவதென்றால் கட்டுபவரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை என்ன?

முதலாவது, அடித்தளம். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமர்ந்திருக்கிறது. சேற்றையும் மணலையும் உறிஞ்சும் இயந்திரம் வேறு, பாறையை வெட்டும் இயந்திரம் வேறு. ஆழம் குறைந்த நீரில் பெரிய தூர்வாரும் கப்பல் நுழையவே முடியாது. மிதவையின் மேல் நீண்ட கை கொண்ட பெக்கோ ஒன்றை வைத்துத்தான் வேலை செய்ய வேண்டி வரலாம். எந்த இயந்திரம் நாட்டில் இருக்கிறது, எது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்பது வாய்க்காலின் அகலத்தையும் பாதையையும்கூட மாற்றக்கூடிய தகவல். அதை நாளாந்தம் அறிந்திருப்பவர் அந்தத் தொழிலில் இருப்பவர்தான்.

இரண்டாவது, கல். அலைதடுப்பு அணைக்குப் பெரிய கருங்கற்கள் வேண்டும். குடாநாட்டில் கருங்கல் இல்லை. வன்னிப் பெருநிலப்பரப்பில் இருந்து லொறியில் வர வேண்டும். குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட கல் ஒரு குவாரியில் எந்த அளவுக்குக் கிடைக்கும், அதற்கு அனுமதி எடுக்க எவ்வளவு காலம் போகும் என்று தெரியாமல் வரைந்தால், கிடைக்காத கல்லுக்காக வேலை காத்துக் கிடக்கும். கல் கிடைக்காது என்று முன்பே தெரிந்தால், கரையில் வார்த்து எடுக்கக்கூடிய கொங்கிறீட் கட்டிகளுக்கு ஏற்ப வடிவத்தை மாற்றலாம்.

மூன்றாவது, பருவம். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் எந்த வேலையைச் செய்ய முடியும், எதைச் செய்யக் கூடாது? தோண்டிய சேற்றை எங்கே கொட்டுவது? அந்தச் சேறு கண்டல் மரங்களையும் இறால் வளரும் இடங்களையும் மூடாமல் இருக்க என்ன செய்வது?

நான்காவது, தொழில். கட்டும் ஒரு வருடமோ இரண்டு வருடமோ படகுகள் எங்கே நிற்கும்? மீன் ஏலம் எங்கே நடக்கும்? ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைத் தொடங்கினால் தொழில் தடைப்படாது என்றால், அந்த வரிசைக்கு ஏற்றபடியே வடிவமைப்பும் இருக்க வேண்டும். அன்றாடம் உழைத்து உண்ணும் குடும்பத்துக்கு இதுதான் மிகப் பெரிய கேள்வி. குருநகரில் வலையை இழுப்பவர்கள் மட்டுமல்ல, அந்த மீனை வாங்கி விற்பவர், ஐஸ் அடிப்பவர், லொறி ஓட்டுபவர், சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் என்று பல சமூகத்தவரின் அடுப்பும் இந்தத் துறையை நம்பியே எரிகிறது.

முறை எப்படி அமைய வேண்டும்

ஒப்பந்தக்காரரை முன்கூட்டியே அழைப்பது என்றால், தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து வேலையையும் கொடுத்துவிடுவது அல்ல. அதற்கென்று ஒழுங்கு இருக்கிறது. பொதுவாக அது இரண்டு கட்டங்களாக நடக்கும்.

முதற் கட்டத்தில், வடிவமைப்பு பாதியளவில் இருக்கும்போதே பகிரங்கமாகப் போட்டி வைக்கப்படும். முழு வேலையின் விலையை அப்போது கேட்க முடியாது. ஏனெனில் வடிவம் இன்னும் முடியவில்லை. ஆகவே அனுபவம், வேலைக்கு ஒதுக்கும் ஆட்களின் தரம், செய்யும் முறை பற்றிய திட்டம், நிர்வாகச் செலவும் இலாபமும் எத்தனை வீதம் என்பவற்றை வைத்துத் தெரிவு நடக்கும். தெரிவானவருக்கு ஆலோசனைக்கான ஒரு கட்டணம் வழங்கப்படும். அவர் வடிவமைப்பாளரோடு உட்கார்ந்து, கட்டும் முறை, பொருள், காலம், ஆபத்து எல்லாவற்றையும் பார்ப்பார். வடிவமைப்பின் பொறுப்பு வடிவமைப்பாளரிடமே இருக்கும்.

இரண்டாம் கட்டத்துக்குப் போகுமுன் விலை பேசப்படும். அவர் தனது கணக்குகளைத் திறந்து காட்ட வேண்டும். கல்லுக்கு எவ்வளவு, டீசலுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று. அரசாங்கத்தின் தரப்பில் சுயாதீனமான ஒரு மதிப்பீட்டாளர் தனியாக விலை போட்டு அதனோடு ஒப்பிடுவார். இரண்டும் பொருந்தினால் இலக்கு விலை ஒன்று தீர்மானிக்கப்பட்டு ஒப்பந்தம் தொடரும். பொருந்தாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, வடிவமைப்பை வைத்து வழமையான கேள்விமனுவுக்குப் போகலாம். வடிவமைப்பு அரசாங்கத்தின் சொத்தாக இருப்பதால் அது சாத்தியம். இந்த விலகும் வழி காகிதத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதற் கட்டத்தில் வந்தவர் இரண்டாம் கட்டத்தில் கழுத்தைப் பிடிப்பார்.

சில நாடுகளில் இலக்கு விலைக்குக் குறைவாக முடிந்தால் மிச்சத்தை இரு தரப்பும் பங்கிட்டுக்கொள்வதும், கூடினால் சுமையையும் பங்கிடுவதும் வழக்கம். அப்போது பிரச்சினையை மறைப்பதால் ஒருவருக்கும் இலாபம் இல்லை.

இதற்கு நெருங்கிய உறவுள்ள இன்னொரு முறையும் இருக்கிறது. அது வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைப்பது. எமது நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையின் மாதிரி ஆவணங்களில் அதற்கான ஒப்பந்தப் படிவம் பல வருடங்களாகவே இருக்கிறது. ஆனால் அதில் அரசாங்கம் தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதத் தெரிந்திருக்க வேண்டும். எழுதத் தவறியதை ஒருவரும் இலவசமாகக் கட்டித் தரமாட்டார்.

வெளிநாட்டுப் பாடங்கள் மூன்று

அவுஸ்திரேலியாவின் சிட்னி ஒப்பரா ஹவுஸை எல்லோரும் படத்தில் பார்த்திருப்பார்கள். 1959இல் வேலை தொடங்கியபோது அந்தக் கூரையை எப்படிக் கட்டுவது என்பது தீர்மானிக்கப்பட்டிருக்கவில்லை. அத்திவாரம் ஒரு பக்கம் எழும்ப, கூரையின் வடிவத்துக்கு வழி தேடுவது மறுபக்கம் நடந்தது. கூரையின் பாரம் தெரியவந்தபோது, ஏற்கனவே எழுப்பிய தாங்கு தூண்களை அகற்றிப் பலமாகக் கட்ட வேண்டியதாயிற்று. 70 இலட்சம் டொலர் என்று போட்ட கணக்கு 10 கோடியே 20 இலட்சம் டொலரில் முடிந்தது. திறக்கப்பட்டது 1973இல். இன்று அது உலகப் புகழ் பெற்ற கட்டடம்தான். ஆனால் கடனில் நாடு நடத்தும் எம்மைப் போன்றவர்களுக்கு அப்படிப்பட்ட புகழ் கட்டுபடியாகாது.

இரண்டாவது உதாரணம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம். 2007 ஓகஸ்ட் 1ஆம் திகதி மாலை அங்கே ஒரு நெடுஞ்சாலைப் பாலம் ஆற்றில் இடிந்து விழுந்து 13 பேர் உயிரிழந்தார்கள். புதிய பாலத்தை வடிவமைத்துக் கட்டும் வேலையை ஒரே குழுவிடம் கொடுத்தார்கள். தெரிவின்போது விலையோடு காலம், தரம், மக்களோடு கலந்து பேசும் முறை ஆகியவற்றுக்கும் புள்ளிகள் இருந்தன. இறுதியில் வேலை கிடைத்தது மிகக் கூடிய விலை கேட்ட குழுவுக்கு. அது வழக்காகி நீதிமன்றம் வரை போய், தெரிவு செல்லும் என்று முடிந்தது. பாலம் 2008 செப்டெம்பர் 18ஆம் திகதி, குறித்த நாளுக்கு மூன்று மாதங்கள் முன்னதாகத் திறக்கப்பட்டது. குறைந்த விலை வேறு, குறைந்த செலவு வேறு என்பதை இந்தப் பாலத்தில் பார்க்கலாம்.

மூன்றாவது எமக்கு மிகவும் நெருக்கமானது. 2011 பெப்ரவரியில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரத்தைப் பூமியதிர்ச்சி தாக்கி 185 பேர் இறந்தார்கள். வீதிகளும், குடிநீர்க் குழாய்களும், கழிவுநீர்க் குழாய்களும் நாசமாகின. ஒவ்வொரு தெருவுக்கும் தனித்தனியாகக் கேள்விமனு கோரினால் காலம் போதாது. மத்திய அரசும், நகர சபையும், வீதி நிறுவனமும், ஐந்து கட்டுமான நிறுவனங்களும் சேர்ந்து ஒரே கூட்டணியாக இயங்கின. வடிவமைப்பாளர்களும் கட்டுபவர்களும் ஒன்றாக அமர்ந்து வேலை செய்தார்கள். ஐந்து நிறுவனங்களில் யார் நன்றாகச் செய்கிறாரோ அவருக்கு அடுத்த வேலையில் கூடிய பங்கு என்று விதி வைத்ததால், கூட்டணிக்குள்ளும் போட்டி சாகவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் எமது நாட்டில் செய்த அழிவை நினைத்துப் பாருங்கள். வீதிகளும் பாலங்களும் ரயில் பாதைகளும் அடித்துச் செல்லப்பட்டன. அவற்றை மீண்டும் கட்டும்போது பழைய வழியிலேயே, பழைய இடத்திலேயே, பழைய வரைபடத்தை வைத்தே கட்டப் போகிறோமா என்ற கேள்வி இன்று எம் முன்னால் நிற்கிறது.

எமது மண்ணின் பாடங்கள்

யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் அதற்கு நிதி அங்கீகரித்தது. இரணைமடுக் குளத்திலிருந்து நீர் எடுத்துக் குடாநாட்டுக்குக் கொண்டுவருவதே அப்போதைய எண்ணம். கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். தமது வயலுக்கே சில வருடங்களில் நீர் போதாதபோது எப்படிக் கொடுப்பது என்ற அவர்களது கேள்வி நியாயமானது. பல வருட இழுபறிக்குப் பின் கடல்நீரைச் சுத்திகரிக்கும் வழி தெரிவு செய்யப்பட்டது. தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரக்கூடிய நிலையம் அமைந்து 2024 ஓகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. 2010 முதல் 2024 வரை எண்ணிப் பாருங்கள்.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. தாளையடி நிலையம், வடிவமைத்துக் கட்டி இயக்கும் பொறுப்பை ஒரே இடத்தில் ஒப்படைத்த ஒப்பந்தத்தில் உருவானது. கடல்நீர் சுத்திகரிப்புக்கு அது பொருத்தமான முறை. சவ்வு வடிகட்டிகளும் பம்பிகளும் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒவ்வொரு விதம், மின்சாரச் செலவுதான் பிற்காலத்தில் பெரிய சுமை. கட்டியவரே இயக்கவும் வேண்டும் என்றால், மலிவான பம்பியைப் பூட்டிவிட்டு ஓடிவிட முடியாது. மற்றப் பாடம் கசப்பானது. ஆரம்பத்தில் தவறிப் போனது ஒப்பந்தக்காரரின் குரல் அல்ல. நீரின் சொந்தக்காரர்களான விவசாயிகளின் குரல். கேட்க வேண்டியவரை விட்டுவிட்டு எத்தனை நிபுணரைக் கேட்டாலும் காலம்தான் வீணாகும்.

ஒலுவில் துறைமுகம் எமது சமூகத்துக்கு இன்னும் வலி தருவது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள் கண்ட கனவு அது. டென்மார்க்கின் கடனுதவியில் 2008இல் வேலை தொடங்கி 2013இல் திறந்து வைக்கப்பட்டது. அலைதடுப்பு அணை எழுந்ததும் கரையோடு ஓடிய மணல் தடைப்பட்டது. துறைமுக வாயிலில் மணல் குவிந்தது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்ப் பக்கமாகக் கடல் நிலத்தைத் தின்னத் தொடங்கியது. தென்னந்தோட்டங்களும் வாழ்வாதாரமும் போயின. மணல் எந்தப் பருவத்தில் எந்தத் திசையில் ஓடும் என்பதை அந்தக் கரையில் வலை இழுத்தவர்கள் அறிவார்கள். வருடாவருடம் மணலை அகற்ற யார் பணம் கொடுப்பார் என்ற கேள்வியும் வரைபடம் வரையும்போதே மேசையில் இருந்திருக்க வேண்டியது. குருநகரோ வேறெந்தத் துறையோ, இன்று கடலில் கல் போடுபவர் முதலில் ஒலுவிலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

வாசல் திறந்தால் திருடனும் வருவான்

இந்த முறையை எதிர்ப்பவர்களின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. வடிவமைப்புக்கு முன்பே ஒப்பந்தக்காரரை உள்ளே விட்டால், தனக்கு இலாபமான பொருளையே வரைபடத்தில் ஏற்றிவிட மாட்டாரா?

அதற்கு எம் கண்முன்னே ஓர் உதாரணம் இருக்கிறது. யுத்தத்தால் பாதிக்கப்பட்ட வடக்கு, கிழக்கு மக்களுக்கு 65,000 உருக்கு வீடுகள் கட்டுவதற்கு 2015ஐ அடுத்து முன்வைக்கப்பட்ட திட்டம். ஆர்சிலர் மிட்டல் என்ற சர்வதேச நிறுவனம் தனது பொருத்து வீடுகளோடு வந்தது. ஒரு வீட்டுக்கு 20 இலட்சம் ரூபாவுக்கு மேல். இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுக்கப்பட்டது 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா என்பதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். எமது வெயிலுக்கும் உப்புக் காற்றுக்கும் இது தாங்குமா, பிறகு ஓர் அறை கூட்டிக் கட்ட முடியுமா, உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் என்ன வேலை என்று மக்களும் துறைசார்ந்தவர்களும் கேட்டார்கள். கடும் எதிர்ப்பின் பின் அந்த வடிவில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அங்கே ஒப்பந்தக்காரர் முன்கூட்டியே வந்தார் என்பது உண்மை. ஆனால் அவர் வந்தது ஆலோசனையோடு அல்ல, விற்பனைப் பொருளோடு. தேவையை முதலில் மக்கள் சொல்லி, வடிவமைப்பாளர் அதை வரைந்து, கட்டுபவர் அதற்கு வழி சொல்வது ஒரு முறை. பொருளை முதலில் கொண்டுவந்து தேவையை அதற்கேற்ப வெட்டுவது வேறு. கடனையும் கொந்தராத்தையும் ஒரே பெட்டியில் வைத்துத் தரும் திட்டங்களை எமது நாடு அதிகம் கண்டுவிட்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இன்னொரு அச்சம் சிறிய ஒப்பந்தக்காரர்கள் பற்றியது. அனுபவம், ஆளணி என்று புள்ளி போட்டால் கொழும்பின் பெரிய நிறுவனங்களே எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும், யாழ்ப்பாணத்துச் சிறியவர்கள் என்றும் துணை ஒப்பந்தமே செய்ய வேண்டும் என்ற கவலை நியாயமானது. 2022 நெருக்கடியில் அரசாங்கம் பணம் செலுத்தாமல் விட்டபோது முதலில் விழுந்தவர்களும் சிறியவர்கள்தான். அவர்களுக்குக் கடனுக்குச் சீமெந்தும் கம்பியும் கொடுத்த கடைக்காரர்களும் கூடவே அடிபட்டார்கள்.

ஆகவே வேலைக்கு ஏற்ற அளவில் செய்ய வேண்டும். கடலுக்குள் செய்யும் வேலை, பெரிய பாலம், நிலக்கீழ்க் குழாய் வலையமைப்பு போன்ற நிச்சயமற்ற பெரிய வேலைகளுக்கு இரண்டு கட்ட முறை. மாநகர சபையின் வடிகால், உள்ளூர் வீதி போன்றவற்றுக்கு அவ்வளவு தேவையில்லை. வரைபடம் இறுதியாகு முன் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர்கள் எல்லோரையும் ஒருநாள் அழைத்து, வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டு, "இதில் என்ன பிழை?" என்று கேட்டால் போதும். சொன்னவற்றை எழுதி, எல்லோருக்கும் ஒரே பிரதி கொடுக்க வேண்டும். அப்போது ஒருவருக்கு மட்டும் இரகசியம் தெரிந்தது என்ற குற்றச்சாட்டு எழாது.

சட்டத்திலும் கவனம் வேண்டும். ஒரு திட்டத்துக்கு ஆலோசனை வழங்கிய நிறுவனம் அதே வேலைக்குக் கேள்விமனு போடக் கூடாது என்பது உலக வங்கி போன்ற நிதி நிறுவனங்களின் பொதுவான விதி. நல்ல நோக்கத்தோடு வைத்த விதி அது. இரண்டு கட்ட முறையைக் கையாள விரும்பினால் அதை ஆரம்பத்திலேயே பகிரங்கமாக அறிவித்து, அதற்குரிய ஒப்பந்த வடிவில் செய்ய வேண்டும். பின்கதவால் செய்தால் நல்ல முறையும் கெட்ட பெயர் எடுத்துவிடும்.

இப்போது ஏன் பேச வேண்டும்

தேசிய பெறுகை ஆணைக்குழுவின் புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தன. அரச பெறுகைக்கென்று தனிச் சட்டம் கொண்டுவருவதாகச் சர்வதேச நாணய நிதியத்துக்கு நாடு உறுதியளித்திருக்கிறது. புயலுக்குப் பின்னான மீள்கட்டுமானமும் முன்னே இருக்கிறது. எப்படி வாங்குவது, எப்படிக் கட்டுவது என்ற விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. விதிகள் இறுகிய பிறகு குரல் கொடுப்பதும், கொங்கிறீட் இறுகிய பிறகு கதவின் இடத்தை மாற்றச் சொல்வதும் ஒன்றுதான்.

சாதாரண மனிதர்கள் இதில் என்ன செய்யலாம்? உங்கள் பகுதியில் ஒரு வடிகாலோ வீதியோ துறையோ வரப்போவதாகக் கேள்விப்பட்டால், மாநகர சபை உறுப்பினரிடமோ பிரதேச செயலகத்திலோ நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை இடத்தில் மண் பரிசோதனை செய்தீர்கள்? கட்டத் தெரிந்தவர் எவராவது இந்த வரைபடத்தைப் பார்த்துக் கருத்துச் சொன்னாரா? இதைப் பாவிக்கப் போகிறவர்களைக் கேட்டீர்களா? கட்டிய பிறகு பராமரிக்கப் போவது யார், யாருடைய பணத்தில்? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் எமது கையில் இருக்கிறது. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் தரவேண்டும்.

எமது சமூகத்தில் வீடு, கடை, மத்ரஸா, பள்ளிவாசல் எதைக் கட்டினாலும் முதலில் நாலு பேரைக் கூட்டி மஷூரா செய்வோம். அந்தக் கூட்டத்தில் படம் வரைந்தவர் இருப்பார், பாஸ் இருப்பார், பணம் கொடுப்பவர் இருப்பார், மழைக்கு எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கும் என்று சொல்லத் தெரிந்த ஒரு முதியவரும் இருப்பார். அரசாங்கத்திடம் நாம் கேட்பது அந்தக் கூட்டத்தைத்தான். ஆழம் அறியாமல் காலை விடாதே என்பார்கள் எமது பெரியவர்கள். குருநகரில் ஆழம் அறிந்தவர்கள் இருக்கிறார்கள். கல்லையும் இயந்திரத்தையும் அறிந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களை வரைபடம் முடிவதற்கு முன் கூப்பிட்டால் ஒரு நாள் கூட்டத்தோடு போகும். பின்னர் கூப்பிட்டால், அந்தச் செலவைக் கட்டப் போவது நாமும் எமது பிள்ளைகளும்தான்.